பீர் டேப் மக்கர் பண்ணினால்: கை பம்ப், கேஸ் குப்பி, சிலிண்டர் – ஓர் ஒப்பீடு

வீட்டில் டிராஃப்ட் பீர் (பாட்டிலில் இல்லாமல் டேப்பிலிருந்து பிடிப்பது) ஊற்ற மூன்று வழி இருக்கிறது. கெக்கின், அதாவது பீர் அடைத்த உலோகப் பீப்பாயின், தலையில் கை பம்ப் மாட்டி அடிப்பது ஒன்று. 16 கிராம் கேஸ் குப்பி போட்டு 5 லிட்டர் தகரக் கெக்கிலிருந்து ஊற்றும் மேசை எந்திரம் இன்னொன்று. மூன்றாவது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ரெகுலேட்டரும் வைத்து, கதவில் டேப் பொருத்திய பிரிட்ஜ். வாங்கும்போது விலையையும் இடத்தையும் ஒப்பிடுகிறோம். சனிக்கிழமை ராத்திரி ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு டேப்பைத் திறந்தால் சொட்டுகூட வரவில்லை என்றால், இதில் எதை நாமே கழற்றிப் பார்த்துச் சரிசெய்யலாம் என்று யோசிப்பதில்லை. புதுச்சேரியில் இதற்கு ஆள் தேடினால் ஏசி மெக்கானிக்தான் வருவார். அவர் குளிர்ச்சியைப் பார்ப்பார். பீர் ரெகுலேட்டரைத் தொடத் தயங்குவார். அதனால் இந்த ஒப்பீடு முழுக்கப் பழுதை வைத்துத்தான்.

எதுவானாலும் முதல் சோதனை

முதலில் கெக்கைத் தூக்கிப் பாருங்கள். 19 லிட்டர் ஸ்டீல் கெக் காலியாக 4 முதல் 5 கிலோ இருக்கும். பாதி பீர் இருந்தால் 14 கிலோவைத் தொடும். காலி கெக்கோடு மல்லுக்கட்டுவது நிறையவே நடக்கிறது.

எடை இருந்தால், பிரஷர் ரிலீஸ் வால்வின் வளையத்தை ஒரு நொடி இழுங்கள். பலமாக ‘புஸ்’ என்றால் கேஸ் கெக்குக்குள் வந்துவிட்டது, கோளாறு பீர் போகும் பாதையில். சத்தமே இல்லை, அல்லது பெயருக்கு ஒரு மூச்சு என்றால் கோளாறு கேஸ் வரும் பாதையில். இந்த ஒரு இழுப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும். சிலிண்டர் அமைப்பில் கெக் மூடியிலோ கப்ளரிலோ (கெக்கின் தலையில் பூட்டும் இணைப்பு) இந்த வளையம் இருக்கும். கை பம்ப் பலவற்றிலும் உண்டு. மேசை எந்திரங்களில் பெரும்பாலும் கிடையாது. அவற்றின் மேல் உள்ள முதல் குறை அதுதான்.

கை பம்ப்

பழுதாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. கப்ளரைக் கெக்கின் தலையில் வைத்துத் திருகிப் பூட்டிய பிறகு, கைப்பிடியை அடிவரை அழுத்தினால்தான் வால்வு திறக்கும். பாதியில் நின்றால் பம்ப் அடிக்க அடிக்கக் காற்று வெளியேதான் போகும். எஸ் வகைக் கெக்குக்கு டி வகைக் கப்ளர் வந்திருந்தால் பூட்டிக்கொண்ட மாதிரித் தெரியும், வால்வு திறக்காது. கெக் எடுக்கும் இடத்திலேயே வகையைக் கேட்டு வாங்கவும்.

அடிக்கும்போது கை லேசாகப் போய்வந்தால் உள்ளே வாஷர் காய்ந்துவிட்டது. உணவுத் தர சிலிகான் கிரீஸ் ஒரு துளி தடவினால் பிடித்துக்கொள்ளும். கை கனமாக இருந்தும் பீர் வரவில்லை என்றால் ட்யூப் எங்கோ மடங்கியிருக்கிறது. பம்புக்குள்ளேயே பீர் ஏறினால் அதன் ஒருவழி வால்வு போய்விட்டது; அதற்குப் புது வால்வுதான்.

இதன் குறை பழுது அல்ல, காற்று. பம்ப் உள்ளே தள்ளுவது நாம் சுவாசிக்கும் காற்றை. ஆக்சிஜன் பட்ட பீர் மறுநாளே சுவை மாறிவிடும். 30 லிட்டர் என்றால் அரை லிட்டர் கிளாஸில் 60. அன்றைக்கே தீர்க்க ஆள் இருந்தால் மட்டும் இது சரி.

5 லிட்டர் மேசை எந்திரம்

பார்க்க அழகு, நின்றுபோனால் தலைவலி. கணக்கு மட்டும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்: 4 டிகிரியில் 0.8 பார் அழுத்தத்தில் 5 லிட்டர் பீரை வெளியே தள்ள ஏறத்தாழ 17 கிராம் கேஸ் வேண்டும். புதுக் கெக்குக்குள் முதலிலேயே கொஞ்சம் அழுத்தம் இருப்பதால் 16 கிராம் குப்பி ஒன்று போதும், ஆனால் மிச்சமே இருக்காது. திருகும்போது கொஞ்சம் கசிந்தாலும் கடைசி இரண்டு மூன்று கிளாஸ் கெக்கிலேயே தங்கிவிடும். ரெகுலேட்டர் குமிழை முழுக்க மூடிவிட்டுக் குப்பியைப் போடுங்கள். ஊசி குத்தும் கட்டம் வந்ததும் தயங்காமல் ஒரே மூச்சில் இறுக்குங்கள். மெதுவாகத் திருகினால் ஊசிக்கும் ரப்பருக்கும் நடுவில் கேஸ் போய்க்கொண்டே இருக்கும். குத்தின சத்தமே வரவில்லை என்றால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது குப்பியின் வகை மாறியிருக்கும்: மரை உள்ளது, மரை இல்லாதது என்று இரண்டு உண்டு. சைக்கிள் டயருக்கு விற்கும் குப்பி மரையில் பொருந்தலாம், ஆனால் அது உணவுத் தரத்துக்குச் செய்தது அல்ல. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். பேக்கரியில் கிரீம் அடிக்கும் குப்பியில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. அதைத் தொடவே வேண்டாம்.

கேஸ் சரி, பீர் இல்லை என்றால் உள்ளே இறங்கும் குழலின் முனையைப் பாருங்கள். கெக் மூடியின் ரப்பரைக் குத்தும்போது பிய்ந்த துணுக்கு அதில் அடைத்திருக்கும்.

எந்திரமே இல்லாமல், அடியில் இழுக்கும் டேப் உள்ள சாதாரண 5 லிட்டர் கெக் ஒன்றிரண்டு கிளாஸ் ஊற்றிவிட்டு நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. மேல் மூடியில் உள்ள காற்றுத் துளையைத் திருகித் திறந்தால் வந்துவிடும். உள்ளே காற்று புகாமல் பீர் வெளியே வராது.

சிலிண்டர் வைத்த பிரிட்ஜ்

கோளாறு வரும் இடங்கள் இதில்தான் அதிகம். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றிச் சோதிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி உதிரி கிடைக்கும்.

வளையத்தை இழுத்துச் சத்தம் வரவில்லையா? சிலிண்டரிலிருந்து தொடங்குங்கள். ரெகுலேட்டரில் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பெரிய மீட்டரைப் பார்த்து ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று முடிவு கட்ட வேண்டாம். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கும்வரை, மீட்டர் காட்டுவது வெப்பநிலைக்குரிய அழுத்தத்தைத்தான். 25 டிகிரியில் சுமார் 63 பார் காட்டிய அதே சிலிண்டர், 4 டிகிரி பிரிட்ஜுக்குள் போனதும் சுமார் 38 பாருக்கு இறங்கும். கேஸ் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சரசரவென்று விழும். எடை போடுவதுதான் வழி: சிலிண்டரில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்தால் மிச்சம் கேஸ். 19 லிட்டர் கெக் ஒன்றை ஊற்ற 70 கிராம் அளவுதான் பிடிக்கும். 2 கிலோ சிலிண்டர் இரண்டு மூன்று கெக்கில் தீர்ந்துபோனால், குடித்தது நாம் இல்லை, கசிவு.

கசிவுக்கு அடுப்பு சிலிண்டருக்குச் செய்கிற அதே சோப்புத் தண்ணீர் போதும். ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடத்து நைலான் வாஷர், ட்யூப் கிளிப், கெக் மூடியின் பெரிய ஓ ரிங் என்று வரிசையாகத் தடவுங்கள். மூடி கசிந்தால், ரெகுலேட்டரைக் கொஞ்ச நேரத்துக்கு 25 முதல் 30 பிஎஸ்ஐ (பார் போல இதுவும் அழுத்த அளவு) வரை ஏற்றினால் ரிங் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மறக்காமல் இறக்கிவிட வேண்டும்.

பெரிய மீட்டரில் அழுத்தம் இருந்தும், கெக்குக்குப் போகும் அழுத்தத்தைக் காட்டும் சின்ன மீட்டர் பூஜ்யத்தில் நின்றால், ரெகுலேட்டர் திருகை உள்ளே முடுக்கிப் பாருங்கள். 10 முதல் 12 பிஎஸ்ஐ வரவேண்டும். எவ்வளவு முடுக்கியும் முள் அசையாவிட்டால் ரெகுலேட்டர் மாட்டிக்கொண்டது. கெக் சூடாக இருந்தபோது உள்ளழுத்தம் கூடி, பீர் கேஸ் ட்யூபில் பின்னால் ஏறி ரெகுலேட்டருக்குள் காய்ந்திருந்தால் இப்படி ஆகும். ஒருவழி வால்வு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சின்ன மீட்டர் 12 காட்டியும் கெக்கில் சத்தம் இல்லை என்றால், ரெகுலேட்டர் வாயில் உள்ள சின்ன அடைப்பு வால்வு குறுக்கே திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கும்போது கைபட்டு மூடிக்கொள்வது சகஜம்.

கேஸ் இருக்கிறது, பீர் இல்லை என்றால் நான்கு இடம். பால் லாக் (ball lock) வகைக் கெக்கில் ட்யூப் முனையில் மாட்டும் சாம்பல் நிறத் தலை கேஸுக்கு, கருப்பு பீருக்கு, மாறியிருந்தால் மாற்றுங்கள். கருப்புத் தலைக்குக் கீழே உள்ள சின்ன வால்வில் ஹாப்ஸ் தூளோ ஈஸ்ட் கசடோ அடைக்கும். கேஸ் ட்யூபின் முனையில் ஒரு கருப்புத் தலையை மாட்டி, பீர் வாய் வழியாகவே கேஸைத் தலைகீழாக ஊதினால் பெரும்பாலும் திறந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் வளையத்தை இழுத்து அழுத்தத்தை முழுக்க வெளியேற்றிய பிறகே அந்த வாயைக் கழற்ற வேண்டும். அழுத்தத்தோடு கழற்றினால் ஸ்டீல் துண்டு முகத்துக்குப் பறக்கும்.

மூன்றாவது இடம் ட்யூப். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜை மாற்றிச் செய்தவர்களுக்கு இது அடிக்கடி வரும்: ட்யூப் ஐஸ் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் பீர் உறைந்துவிடும். 5 சதவீத பீருக்கு மைனஸ் 2, 3 டிகிரி போதும். வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ட்யூபைத் தள்ளிக் கட்டுங்கள். நான்காவது டேப். இனிப்புக் காய்ந்து கைப்பிடி இறுகும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்தால் முலாம் உரிந்து பச்சை பூக்கும். கழற்றி வெந்நீரில் ஊறவைத்து பிரஷால் தேயுங்கள். 14 நாளுக்கு ஒருமுறை பீர் போகும் ட்யூபையும் டேப்பையும் கழுவினால் இந்த நிலைமை வராது.

வெயில் யாரை முதலில் கவிழ்க்கும்

‘வரவில்லை’ என்று சொல்வதில் நிறைய, ‘நுரை மட்டும் வருகிறது’ என்பதுதான். மே மாதத்தில் மூன்றும் ஒன்றல்ல. மேசை எந்திரங்களில் பல, கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகட்டால் குளிரூட்டுபவை. அறை வெப்பத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி வரைதான் இறக்கும். வீட்டுக்குள் 35 டிகிரி என்றால் பீர் 15க்குக் கீழே போகாது. கெக்கை ஓர் இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்துப் போட்டால் மட்டுமே அது இங்கே உருப்படியாக ஊற்றும். கை பம்ப் கெக்குக்குப் பெரிய டப்பும் ஐஸும் போதும். ஐஸோடு தண்ணீரும் ஊற்றுங்கள், வெறும் ஐஸைவிடச் சீக்கிரம் குளிரும். மீனுக்கு அடிக்கும் ஐஸ் கெக்குக்கு வெளியே போடச் சரி, கிளாஸுக்குள் கூடாது.

சிலிண்டர் பிரிட்ஜில் குளிர் நிலையாக இருக்கும், ஆனால் ட்யூப் நீளம் முக்கியம். 3/16 அங்குல உள்விட்டத்தில் 3 மீட்டர் வையுங்கள். அழகுக்காக ஒரு மீட்டராக வெட்டினால் 12 பிஎஸ்ஐ நேராக டேப்பில் வந்து நுரையாக வெடிக்கும். ரெகுலேட்டரை இறக்கினால் அன்றைக்கு அடங்கும். இரண்டு நாளில் பீரில் கேஸ் செத்துவிடும்.

எது யாருக்கு

வருஷத்துக்கு ஒன்றிரண்டு விருந்து என்றால் கை பம்ப். வாரம் தவறாமல் ஊற்றுகிறவர்களுக்குச் சிலிண்டர்தான். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் கேஸ் விற்பவர்களிடம் விசாரித்து, உணவுத் தரமா என்று கேட்டு நிரப்புங்கள். சிலிண்டரின் சோதனைத் தேதி முடிந்திருந்தால் நிரப்ப மாட்டார்கள். நிமிர்த்தி, சங்கிலி போட்டு வையுங்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் வேண்டாம். மேசை எந்திரம் பரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்க இங்கே காரணம் இல்லை.

கடலூர்க்காரர்களுக்கு ஒன்று: எந்திரத்தைக் கொண்டுபோகலாம், பீர் நிரம்பிய கெக்கைப் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோக நினைக்காதீர்கள். அதை ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் எந்த ரெகுலேட்டராலும் சரிசெய்ய முடியாது.