சாலெட் தலைக்கவசத்துக்கு உள்மெத்தை வாங்குவோர் கவனத்துக்கு

இங்கிலாந்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களை மீள நிகழ்த்திக் காட்டும் குழு ஒன்றில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். டியூக்ஸ்பரியில் 1471 மே 4 அன்று நடந்த போரை ஜூலையில் அதே ஊரில் நடத்திக் காட்டும் விழாவுக்காக, சாலெட் என்ற தலைக்கவசம் ஒன்றைப் பழையதாக வாங்கினேன் (தட்டில் வைக்கும் சாலட் அல்ல, பிடரிப் பக்கம் வாலாக நீளும் பதினைந்தாம் நூற்றாண்டுக் கவசம்). அதனுள் மெத்தை இல்லாததால், இணையத்தில் உள்மெத்தை தைத்து விற்கும் ஒருவரிடம் 140 பவுண்டு கொடுத்துச் செய்யச் சொன்னேன்.

வெளியே லினன், உள்ளே கம்பளி, முழுக்கக் கைத்தையல் என்பது அவருடைய விளம்பரம். நான்கு வாரம் என்றவர் பதினொரு வாரம் கழித்து அனுப்பியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஐந்து வாரம் கழித்து, வெயில் கடுமையாக இருந்த ஒரு பயிற்சி நாளில், முனை மழுங்கிய வாள் இடப்பக்கம் பட்டதும் கவசம் தலையிலேயே திரும்பிக்கொண்டது. பார்வைப் பிளவு காதுக்குப் போக, சில நொடிகள் எதுவும் தெரியாமல் நின்றேன். எதிரே இருந்தவர் உடனே வாளைத் தாழ்த்தியதால் தப்பித்தேன்.

முறையான வேலையில் கவசத்தின் உட்புறம் சுற்றிலும் ஒரு தோல் பட்டையை ரிவெட் அடித்து, மெத்தையின் விளிம்பை அந்தப் பட்டையோடு தைப்பார்கள். உச்சியில் மடல் மடலாக விட்டு ஒரு கயிற்றால் சுருக்கிக் கட்டுவதால், மண்டை இரும்பில் படாமல் சற்று இறங்கி நிற்கும், அடியின் வேகமும் அந்த இடைவெளியில் தணியும். மோவாய் வார் இரும்போடு பிணைந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததிலோ மெத்தை பசையால் ஒட்டப்பட்டு, வாரும் அந்த மெத்தையிலேயே தைக்கப்பட்டிருந்தது. வியர்வையில் பசை விட்டதும் மெத்தை என் தலையோடு நிற்க, கவசம் மட்டும் தனியே சுழன்றிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஒரு தையலைப் பிரித்தேன். மஞ்சள் நிற ஸ்பாஞ்சுத் துண்டுகள் உதிர்ந்தன. பழைய சோபாவிலிருந்து பிய்த்தது போல ஒன்றில் தையல் துளைகளும் இருந்தன. மேல்துணியின் நூலை எரித்துப் பார்த்தேன். லினன் என்றால் காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. இந்த ஒரு நிமிடச் சோதனையை வந்த அன்றே செய்யாதது என் தவறு.

அளவு கொடுத்துச் செய்த பொருளைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்றவர் பதில் எழுதினார். மனம் மாறித் திருப்புவதற்கு உள்ள 14 நாள் உரிமைதான் அத்தகைய பொருளுக்குக் கிடையாது. விவரித்தபடி பொருள் இல்லையென்றால், அளவுக்குச் செய்ததானாலும், 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம் என்கிறது பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். நான் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டதால், சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ முதலில் கேட்க வேண்டியிருந்தது. கேட்டு இரண்டு மாதமாகிறது. 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கார்டு நிறுவனத்திடமே முறையிட்டிருக்கலாம். அவர் கேட்டார் என்று வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்பினேன்.

அந்த உள்மெத்தை இன்னும் விற்பனையில் இருக்கிறது. படத்தில் உள்ளது சற்றுக் கோணலான கைத்தையல். எனக்கு வந்தது நூல் பிடித்தாற்போன்ற இயந்திரத் தையல்.