உருமாறிய பாறையின் இழைமையை அறியக் கைலென்ஸா, மென்சீவலா?

உருமாறிய பாறைகளின் இழைமையை, அதாவது அவற்றின் கனிம மணிகளின் அளவு, வடிவம், அணிவகுப்பு ஆகியவற்றைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. பாறையை உடைத்து, அதன் புதிய முகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்ப்பது ஒன்று. அறுத்த துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அந்த மென்சீவலைத் துருவமுனைவு நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியில் காட்டும் நுண்ணோக்கி) பார்ப்பது மற்றொன்று. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, கைலென்ஸையே என் முதன்மைக் கருவியாக வைத்துக்கொண்டேன். செலவும் சுமையும் குறைவு என்பது தெரிந்த செய்திதான். என் முடிவுக்குக் காரணம் அதுவன்று, திசை.

இதை விளக்க, இப்பாறைகள் உருவாகும் விதத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். புதையுண்ட பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் துளைகளில் உள்ள நீர்மங்களாலும் உருகாமல் திண்ம நிலையிலேயே புதுப் படிகங்களாக மாறுகிறது. அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் படிகங்களுக்கு ஒரு திசையின் மேல் தனிச் சார்பு எதுவும் ஏற்படுவதில்லை. ஒரு திசையில் மட்டும் நெருக்கம் மிகும்போதோ, மைக்கா போன்ற தகட்டுக் கனிமங்கள் அந்த நெருக்கத்துக்கு ஏறத்தாழச் செங்குத்தான தளத்தில் அணிவகுத்து வளர்கின்றன. களிமண் பாறையிலிருந்து சிலேட், ஃபில்லைட், ஷிஸ்ட், நைஸ் என்று உருமாற்றம் மிகும் வரிசையை நாம் பிரித்தறிவதே பெரும்பாலும் இந்த அணிவகுப்பு எவ்வளவு கரடாகியிருக்கிறது, எவ்வளவு பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான்.

மென்சீவல் என்பது அந்தப் பாறையின் ஒரேயொரு வெட்டுத்தளம். மைக்காத் தகடுகள் கிடக்கும் தளத்துக்கு இணையாக அதை வெட்டிவிட்டால், நன்றாக அடுக்குபட்ட ஷிஸ்ட்கூட அடுக்கே இல்லாத பாறைபோலத் தோன்றும். ஹார்ன்பிளெண்டு என்ற கருங்கனிமத்தின் ஊசிகள் ஒரே பக்கமாக நீண்டு கிடக்கும் ஆம்ஃபிபோலைட் என்ற பாறையை அந்த நீட்சிக்குக் குறுக்கே வெட்டினால், ஊசிகளின் முனைகள் மட்டும் சாய்சதுரப் புள்ளிகளாகத் தெரியும். ஊசிகளின் நீளம் சீவலில் நேரடியாகத் தெரியாது. கையில் இருக்கும் துண்டிலோ, ஒரு முகத்தில் பளபளக்கும் மைக்காப் பரப்பையும், துண்டைத் திருப்பினால் பக்கவாட்டில் அதே மைக்கா மெல்லிய கோடுகளாக ஓடுவதையும், அந்தக் கோடுகள் ஒரு கார்னெட் மணியைச் சுற்றி வளைந்து செல்வதையும் சில நொடிகளில் பார்த்துவிடலாம். இழைமை முப்பரிமாணத்தில் இருப்பது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வசதிக்கு ஈடு வேறில்லை.

சிலேட்டில் இது இன்னும் முக்கியம். அது பிளக்கும் தளமும் பழைய வண்டல் படிந்த அடுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பிளந்த முகத்தில் நிறப்பட்டைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடினால் அவையே பழைய அடுக்குகள். பட்டையின் அகலம் சில சென்டிமீட்டர் இருக்கும்போது, ஒரு சிறு சீவலுக்குள் இந்த உறவு அடங்காமலும் போகலாம்.

அடுக்கமைப்பு இல்லாத பாறைகளிலும் கைலென்ஸ் சளைப்பதில்லை. மணற்கல் பெரும்பாலும் மணிகளைச் சுற்றி உடையும். மணற்கல் உருமாறி உண்டாகும் குவார்ட்சைட் மணிகளை ஊடறுத்தே உடையும். பளிங்கு எஃகுக் கத்தியால் கீறுபடும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைக்கும்; குவார்ட்சைட்டுக்கு இரண்டும் இல்லை. மக்னீசியம் கலந்த டோலமைட் பளிங்கு மட்டும் பொடியாக்கினால்தான் தெளிவாக நுரைக்கும் என்பதால் அங்கே அவசரப்படக் கூடாது.

மென்சீவல் வெல்லும் இடங்களை மறைக்க விரும்பவில்லை. பாறைக்குழம்பின் அருகே வெப்பத்தால் உருமாறிய ஹார்ன்ஃபெல்ஸ் போன்ற நுண்மணிப் பாறை கைலென்ஸுக்கு வெறும் கருங்கட்டிதான். அதை நுண்மணி பசால்ட் என்ற எரிமலைப் பாறையிலிருந்து பிரிக்க நுண்ணோக்கியே நம்பத்தக்கது. கார்னெட்டுக்குள் சிக்கிய துகள்கள் சுருள்போல வளைந்து, அது வளரும்போது நிகழ்ந்த சுழற்சியைக் காட்டக்கூடும். அது சீவலில்தான் சரிவரத் தெரியும். 1893-இல் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் கனிமங்களைக் கொண்டு உருமாற்ற மண்டலங்களைப் பிரித்துக் காட்டினார். அத்தகைய வேலையில் கார்னெட்டைக் கண்ணால் பிடித்துவிடலாம்; நூலிழை போன்ற சில்லிமனைட் என்ற கனிமத்துக்குப் பல நேரம் சீவல் வேண்டும். நிலப்பிளவு மண்டலங்களில் நெளிந்து நுண்மணியான மைலோனைட்டுகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே கைலென்ஸ் எவ்வளவு தூரம் போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சீவல் செய்தே ஆக வேண்டுமென்றாலும் முதல் வேலை கைலென்ஸுக்குத்தான். துண்டைப் பெயர்க்கும் முன்பே, மைக்கா அணிவகுத்த அடுக்குத்தளத்தின் திசையையும் சாய்வையும் அதன் மேல் குறித்துக்கொண்டு, நீட்சித் திசை எது என்று லென்ஸில் உறுதிசெய்து, அடுக்குக்குச் செங்குத்தாகவும் நீட்சிக்கு இணையாகவும் வெட்டச் சொல்ல வேண்டும். அந்தக் குறி இல்லாமல் அறுக்கப்பட்ட சீவலில் கனிமங்களின் பெயர்கள் கிடைக்கும். நெருக்கம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது கிடைக்காது.