எங்கள் வீட்டுக் கிண்டில்: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

கிண்டில் என்பது மின்னூல் படிப்பதற்கென்றே அமேசான் கம்பெனி விற்கிற கருவி. "கிண்டில் வாங்கலாமா? தமிழ் அதில் ஒழுங்காகத் தெரியுமா?" என்று ஃபேக்டரியில் கூட வேலை செய்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் மலையில் இருப்பவர்கள், வயதான அம்மா அப்பாவுக்காக வாங்க நினைப்பவர்கள், பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிப்பவர்கள் ஆகிய மூன்று பேருக்கும் தெரிய வேண்டிய சில விஷயங்கள் விற்பனைப் பக்கத்தில் இருக்காது. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது கிண்டில் பேப்பர்வைட், 2021இல் வந்த பதினோராம் தலைமுறை. 6.8 அங்குலத் திரை, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், 205 கிராம் எடை, டைப்-சி சார்ஜர், தண்ணீர் புகாத உடம்பு. வந்த புதிதில் இந்தியாவில் விலை 13,999 ரூபாய். தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிற எனக்கு அது சின்னத் தொகை இல்லை. தீபாவளி போனஸ் கையில் வந்தபோது, தள்ளுபடியும் சேர்ந்துகொண்டதால் வாங்கினேன். அம்மா முதலில் சொன்னது, "இந்தக் காசுக்கு ஒரு அலமாரி நிறைய புஸ்தகம் வாங்கலாமே புள்ள." நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை முழுக்க வீட்டுக்குள் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, புத்தகமும் காயாது. அட்டையில் முதலில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். அப்புறம் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். வெயில் வந்த பிறகு விரித்துக் காயவைத்தால் பழுப்புக் கறை நிற்கும், வெள்ளிப்பூச்சி ஓடும். கற்பூரம் வைத்துப் பார்த்தோம், வேப்பிலை வைத்துப் பார்த்தோம், நாப்தலின் உருண்டையும் போட்டோம். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். இந்த ஈரத்தில் தாக்குப்பிடிக்கிற ஒரு புத்தக அலமாரி என்ற ஒரே காரணத்துக்காகவே கிண்டிலுக்குக் கொடுத்த பணம் எனக்குச் சரி என்று படுகிறது.

அடுத்தது கரண்ட். காற்றடித்து மரம் கம்பியில் விழுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் போனின் சார்ஜைப் பேசுவதற்காகக் காப்பாற்றி வைக்க வேண்டும். கிண்டில் இதில் உண்மையாகவே நல்ல துணை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால் பத்து வாரம் வரை தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. அது வைஃபையை அணைத்து, வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்துப் போட்ட கணக்கு. நானும் அம்மாவும் மாறி மாறிப் படிப்பதால் அவ்வளவு வராது. ஆனாலும் மழை பிடித்த வாரம் முழுக்கச் சார்ஜரைத் தேடாமல் படிக்கலாம். பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும். எழுத்து அப்படியே நிற்பதற்கு வேண்டாம். வெளிச்சமும் போன் மாதிரி உள்ளேயிருந்து கண்ணில் அடிக்காது, ஓரத்தில் உள்ள விளக்குகளிலிருந்து திரையின்மேல் பரவும். இரவில் மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கம் கெடாது.

குளிரைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த மாதிரித் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு திரவம், அதில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். அப்படித்தான் எழுத்து உருவாகிறது. குளிரில் அந்தத் துகள்கள் மெதுவாகத்தான் நகரும். பூஜ்யம் முதல் 35 டிகிரி வரை என்று பயன்பாட்டு வெப்பநிலையைக் கம்பெனியே குறிப்பிட்டிருக்கிறது. தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிகிற அளவுக்குக் கோத்தகிரியில் குளிர் இறங்காது. ஆனாலும் மார்கழி, தை விடியற்காலையில் ஜன்னலோரம் வைத்த கிண்டிலை எடுத்தால் பக்கம் திரும்பத் தயங்கும், முந்தைய பக்கத்தின் எழுத்து லேசாக நிழல் போலத் தெரியும். இது கோளாறு இல்லை, இந்த வகைத் திரை எல்லாவற்றுக்கும் உள்ள குணம். கொஞ்ச நேரம் கம்பளிக்குள் வைத்தால் சரியாகிவிடும். இரவில் கல் சுவரோரமோ ஜன்னலோரமோ வைக்காதீர்கள்.

கம்பளிக் கையுறையோடு தொட்டால் திரைக்குத் தெரியாது. மழைத்துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்து அதுவே பக்கத்தைப் புரட்டும். தொடுதிரை எல்லாமே அப்படித்தான். தண்ணீர் புகாது என்பதை நம்பி மழையில் நின்று படிக்க முடியாது, நனைந்தால் பயமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் படிக்கலாமா என்று கேட்டால், கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற வழியில் பஸ் நிற்கும்போதும் நேர் ரோட்டிலும் படிக்கலாம். மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில் வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் எந்தத் திரையும் ஒன்றுதான், தலை சுற்றும்.

இனி அம்மா. இந்தக் கருவியை நான் எனக்காக வாங்கினேன், ஆனால் அதிகம் பயன்படுத்துவது அம்மாதான். அவர் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா வந்த குடும்பம். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்தில், அதாவது டேன்டீயில், ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. படிக்கிற ஆசை மட்டும் குறையவே இல்லை. சாமான் கட்டி வந்த பேப்பரைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார். கண் மங்கத் தொடங்கியதும் அது மெல்ல நின்றுபோனது. கண்ணாடி போட்டும் பத்திரிகை எழுத்து அவருக்குப் போதவில்லை.

கிண்டிலில் எழுத்தை மிகவும் பெரிதாக வைக்கலாம், தடிமனையும் கூட்டலாம். முதல் நாள் பெரிதாக வைத்துக் கையில் கொடுத்தேன். "இது நல்லா தெரியுதே புள்ள" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இரவுச் சமையல் நான்தான் செய்தேன்.

பெரிய எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. தமிழில் சொற்கள் நீளம். அம்மாவுக்கு வேண்டிய அளவில் வைத்தால் ஒரு வரியில் இரண்டு சொற்கள் நிற்கும், இடையில் பெரிய இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்கும்படி அமைப்பை மாற்றினால் அது தீரும். திரையைப் படுக்கைவாட்டில் திருப்பினால் இன்னும் நல்லது. பக்கம் அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கும், அதைப் பற்றி அம்மா கவலைப்படுவதில்லை.

அடுத்து புத்தகங்கள். கருவியைவிட முக்கியம் கோப்பு என்பதை இங்கேதான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமேசான் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் 2016 கடைசியிலிருந்து விற்பனையில் இருக்கின்றன. அதற்கு வெளியே இலவசமாக, சட்டப்படி கிடைப்பவை நிறைய. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல் வரை சேர்த்து வைத்திருக்கிறது. விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய, எழுத்துகள் ஏராளம். அங்கிருந்து இபப் என்ற மின்னூல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். 2022 முதல் இபப் கோப்பை அப்படியே கிண்டிலுக்கு அனுப்ப முடிகிறது. எழுத்தாகத் தட்டச்சு செய்த கோப்பு என்றால் எந்தக் கவலையும் இல்லை. பெரிதாக்கலாம், தேடலாம், விட்ட இடத்தில் தொடரலாம்.

பழைய பிடிஎஃப் கோப்புகளில்தான் சிக்கல். இன்று எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்கிற யூனிகோடு என்ற எழுத்துமுறை பரவுவதற்கு முன் தமிழை டிஸ்கி, டாப், பாமினி என்று பல முறைகளில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் காலத்துக் கோப்பைக் கிண்டிலுக்கு ஏற்றபடி மாற்ற முயன்றால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து வரும். முதலில் கம்ப்யூட்டரில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். விலைக்கு வாங்கும் மின்னூல்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பதிப்பகத்தின் நாவலில் பத்திகள் உடைந்து, ஒற்றெழுத்துகள் விழுந்து, படிக்கவே மனம் வரவில்லை. மாதிரிப் பக்கங்களை இலவசமாக அனுப்பிப் பார்க்க வழி இருக்கிறது. அதைப் பார்க்காமல் தமிழ் மின்னூல் எதையும் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் படிக்கப்படுவது, பிடிஎஃப்பாக மட்டுமே கிடைக்கிற வகை. இலங்கைத் தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கிற நூலகம் என்ற இணைய நூலகம் 2005இல் தொடங்கியது. இங்கே எந்தக் கடையிலும் நான் பார்த்திராத, மலையகம் என்கிற இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதி எழுத்தாளர்களின் புத்தகங்கள் அதில் இருக்கின்றன. சி.வி. வேலுப்பிள்ளையை அங்கேதான் முதன்முதலில் படித்தேன். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கை நாடாளுமன்றத்துக்குப் போனவர், கவிஞர், தோட்ட மக்களின் வாய்ப்பாடல்களைச் சேகரித்தவர். அந்தப் பாடல்களை நான் வாசிக்க அம்மா கேட்டார். ஒரு பாட்டில் நான் இரண்டாம் வரியை வாசிப்பதற்குள் அவர் மூன்றாம் வரியைச் சொன்னார். அவருடைய பாட்டி கொழுந்து பறிக்கும்போது பாடியதாம். அச்சில் வந்திருந்ததுக்கும் அம்மா சொன்னதுக்கும் ஒரு சொல் வேறு. அவர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம்தான், அதில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. 6.8 அங்குலத் திரையில் முழுப் பக்கத்தையும் வைத்தால் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். இதற்கு நான் செய்வது இரண்டு. திரையைப் படுக்கையாகத் திருப்பி, ஒரு பக்கத்தைப் பகுதி பகுதியாகப் படிப்பது ஒரு வழி. கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு எடுப்பது இன்னொரு வழி. அது படத்திலிருந்து சொற்களை வெட்டி, சின்னத் திரைக்கு ஏற்ப வரிகளாக மறுபடி அடுக்கித் தரும். பழைய அச்சு மங்கலாக இருந்தால் சில இடங்களில் வரி குழம்பும். ஆனால் அம்மா கையில் கொடுக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக வருகிறது என்பதால் அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்கிறேன். இன்னொரு நன்மையும் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு 'லை', 'னை', 'றா' எழுத்துகளுக்கு இருந்த பழைய வடிவங்கள் ஸ்கேனில் அப்படியே இருக்கின்றன. அம்மா படித்தது அந்த எழுத்தில்தான். நான் தடுமாறுகிற இடத்தில் அவர் வேகமாகப் போகிறார்.

என் விருப்பத்தைக் கேட்டால், நீலகிரியில் இருப்பவர்கள் கிண்டிலில் முதலில் ஏற்ற வேண்டியது ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித் தேன். இந்த மலையின் படகர் சமூகத்து ஊர்களைத் தேயிலையும் அணைக்கட்டும் எப்படி மாற்றின என்று இந்த மலையிலேயே சுற்றி எழுதிய நாவல். அவர் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருப்பதால் இலவசமாக, நல்ல எழுத்துக் கோப்பாகக் கிடைக்கிறது. ஃபேக்டரிக்கு இலை கொண்டுவரும் சிறு விவசாயிகள் பலர் படகர்கள். அந்த நாவலைப் படித்த பிறகு, அவர்கள் ஊர்ப் பெயரைப் பில்லில் எழுதும்போதெல்லாம் சாமையும் ராகியும் விளைந்த பழைய நிலம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சரி, யார் வாங்கலாம்? கதை, நாவல், கட்டுரை என்று தொடர்ந்து படிப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். கண் மங்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். எழுத்தளவு, வரி ஒழுங்கு, வெளிச்சம் மூன்றையும் நீங்களே அமைத்துக் கொடுங்கள். பக்கம் புரட்டவும் பின்னால் போகவும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்குப் போதும். நீங்கள் படிப்பதில் பாதிக்கு மேல் ஸ்கேன் பிடிஎஃப் என்றால், கொஞ்சம் பணம் சேர்த்துப் பத்து அங்குலத் திரை உள்ள கருவியாகப் பாருங்கள். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்துக்கு வேண்டாம், அந்தப் படங்களின் வண்ணம் இதில் வராது. மேலுறை ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள், மூடினால் தானாக அணைகிற வகை. எங்கள் வீட்டில் அம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்குகிறார், மேலுறை இல்லாமல் அது தாங்காது.