கேதார்காந்தா மலையேற்றம்: நிறுவனக் குழுவோடு போவதா, உள்ளூர் வழிகாட்டியோடு தனியாகப் போவதா?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து இமயமலைக்கு மலையேற்றம் போக விரும்புகிறவர்களுக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தேதியையும் கட்டணத்தையும் முன்பே அறிவித்து, நாட்டின் பல ஊர்களிலிருந்து வருகிறவர்களை ஒரு ‘பேட்ச்’ ஆகச் சேர்த்து, லீடர், சமையல்காரர், கூடாரம் எல்லாவற்றோடும் அழைத்துப்போகும் நிறுவனத்தில் பதிவு செய்வது. மற்றொன்று, தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அடிவார ஊர் வரை தாமாகவே போய், அங்கே ஒரு வழிகாட்டியையும் சுமைக்குக் கோவேறு கழுதைகளையும் பேசி அமர்த்திக்கொண்டு ஏறுவது. உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தாவுக்கு நானும் என்னோடு பணிபுரியும் ஆசிரியைகள் சிலரும் முதல் வழியில் போய்வந்தோம். அதே பனிக்காலத்தில் குழித்துறையில் இருக்கும் என் அத்தை மகன் தன் நண்பர்கள் மூவரோடு இரண்டாம் வழியில் போனார். என் சாய்வு முதல் வழியின் பக்கம் என்பதையும், இரண்டாம் வழியைப் பற்றி நான் எழுதுவதில் பெரும்பகுதி அவர் சொல்லக் கேட்டது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டத்து மலைகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. காளிகேசத்திலிருந்து பாலமோர் வரையிலான பாதை, 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் இருக்கிறது. அதில் பதிவு செய்து, வனத்துறை தரும் வழிகாட்டியோடுதான் நடக்க முடியும். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் ஆசையோடு போகும் அகத்தியர்கூடமும் கேரள வனத்துறையின் அனுமதியோடு, போனக்காட்டிலிருந்து வழிகாட்டியோடு ஏறுவதுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவதை இங்கே யாரும் சாகசமாகப் பேசுவதில்லை. பேசவும் கூடாது.

கட்டணத்தை முதலில் பார்த்துவிடுவோம். மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் தனியாகப் போவதுதான் மலிவு. ஆனால் நிறுவனங்கள் சொல்லும் கட்டணம் பெரும்பாலும் அடிவார ஊரான சாங்க்ரியில் தொடங்கி சாங்க்ரியில் முடிவது என்பதால், நம்மைப் போல் நாட்டின் தென்கோடியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு உண்மையான செலவு ரயிலிலும் விமானத்திலும்தான் இருக்கிறது. அது இரு வழிக்கும் ஒன்றே. திருவனந்தபுரம் நார்த் என்று பெயர் மாறிவிட்ட கொச்சுவேளியிலிருந்து யோக் நகரி ரிஷிகேஷ் வரை வாரம் ஒரு முறை ஓடும் ரயிலைப் பிடித்தாலும் சரி, விமானத்தில் டெல்லி போய் டேராடூன் சேர்ந்தாலும் சரி, அதற்குமேல் முசூரி, புரோலா, மோரி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைச்சாலை; ஒரு பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். இத்தனை தூரம் கடந்து போனபின் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரங்களை வைத்து முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் முடிவைத் தீர்மானித்த காரணம் வேறு. மலையில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அவரை உடனே கீழே இறக்கக் கூடுதலாக ஓர் ஆள் இருக்கிறாரா? அந்த ஆள் அவரோடு இறங்கிப் போனபின், மேலே இருப்பவர்களைக் கவனிக்க இன்னொருவர் மிச்சம் இருப்பாரா? பதிவு செய்வதற்கு முன் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் முக்கியமான கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உயரம். சாங்க்ரி ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் முகாமான ஜூடா கா தாலாப் 2,770 மீட்டருக்குப் பக்கம், உச்சிக்கு முந்தைய இரவு தங்கும் இடம் 3,400 மீட்டரை ஒட்டி, உச்சி 3,810 மீட்டர். 2,500 மீட்டரைத் தாண்டினாலே உயர நோய் யாருக்கும் வரலாம். 3,000 மீட்டருக்குமேல் போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. இந்தப் பாதையோ ஒவ்வொரு நாளும் 600, 800 மீட்டர் என்று ஏறுகிறது. உச்சியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மருந்துவாழ்மலையில் தினமும் விடியற்காலை ஏறி இறங்குகிறவருக்குக் கால் வலு இருக்கும், மூச்சு இரைக்காது. ஆனால் அந்தப் பழக்கம் உயர நோயிலிருந்து காப்பாற்றாது. அகத்தியர்கூடத்தின் உச்சியே 1,868 மீட்டர்தான் என்பதால், நம் மலைகளில் எத்தனை முறை ஏறினாலும் உயரத்தை நம் உடம்பு எப்படித் தாங்கும் என்று இங்கே சோதித்துப் பார்க்க வழியே இல்லை.

உயர நோயின் தொடக்க அடையாளங்கள் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை என்று சாதாரணமாகத்தான் இருக்கும். அந்த நிலையில் மேலே ஏறாமல் நின்றால், அல்லது சில நூறு மீட்டர் இறங்கினால், பெரும்பாலும் சரியாகிவிடும். அதை மறைத்துக்கொண்டு மேலும் ஏறும்போதுதான் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகிறது. ஆகவே பாதிக்கப்பட்டவர் வாய்திறந்து சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் சொல்வாரா, மாட்டாரா என்பதோ, சொன்னால் கூட வந்தவர்களுக்கு என்ன இழப்பு என்பதைப் பொறுத்திருக்கிறது.

எங்கள் பேட்சில் இருபதுக்குச் சற்றுக் குறைவான பேர், ஒரு லீடர், இரண்டு துணை வழிகாட்டிகள். ஒவ்வொரு மாலையும் லீடர் கூடாரம் கூடாரமாக வந்து, இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, அளவை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஆனால் அவர் அந்த எண்ணைவிடச் சாப்பாட்டுத் தட்டைத்தான் அதிகம் கவனித்தார் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். உச்சிக்கு முந்தைய மாலை, என் தோழி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அருகில் வந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் மெதுவாக விசாரித்தார். “ஒண்ணுமில்ல டீச்சர், நேத்து உறக்கம் சரியில்ல, அதான்” என்று தோழி என் பக்கம் திரும்பிச் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். லீடர் மறுத்துப் பேசவில்லை. “இவர் இறங்கினாலும் மற்றவர்களின் திட்டம் எதுவும் மாறாது, நாளை நீங்கள் எல்லோரும் உச்சிக்குப் போவீர்கள்” என்று மட்டும் சொன்னார். அதைச் சொன்ன பிறகுதான் தோழி, “காலையிலிருந்தே தலை வெடிக்குது டீச்சர், மத்தியானம் வாந்தியும் எடுத்தேன்” என்றார்.

இருட்டுவதற்குள் ஒரு துணை வழிகாட்டி அவரை அழைத்துக்கொண்டு ஜூடா கா தாலாபுக்கு இறங்கிவிட்டார். அங்கே அடுத்த பேட்சுக்காக அதே நிறுவனத்தின் கூடாரங்கள் இருந்ததால், படுக்கையும் சூடான சூப்பும் கிடைத்தன. மறுநாள் காலை தலைவலி போய், எங்களுக்கு முன்பே சாங்க்ரி போய்ச் சேர்ந்துவிட்டார். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பிய எங்களுக்கு லீடரும் இன்னொரு வழிகாட்டியும் மிச்சம் இருந்தார்கள். நிறுவனத்துக்குத் தரும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இந்த மிச்சத்துக்குத்தான் போகிறது என்பது என் கணக்கு: கூடுதல் ஆள், வெவ்வேறு உயரங்களில் ஏற்கெனவே போட்டிருக்கும் கூடாரங்கள், ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர்.

அத்தை மகனின் குழுவில் நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி. சாங்க்ரிக்காரர், அந்த மலையைத் தன் வீட்டு முற்றம் போல் அறிந்தவர். உச்சிக்கு முந்தைய அதே முகாமில், நண்பர்களில் ஒருவர் நள்ளிரவுக்குப் பிறகு வாந்தியெடுத்துத் தள்ளாடத் தொடங்கியிருக்கிறார். நோயாளியைத் தனியாக அனுப்பவும் முடியாது, மற்ற மூவரையும் பனியில் விட்டுவிட்டு வழிகாட்டி இறங்கவும் முடியாது. ஆகவே அந்த இருட்டிலேயே எல்லோரும் இறங்கினார்கள். வழிகாட்டி செய்தது முற்றிலும் சரி, நோயாளி பிழைத்தார். ரயில் டிக்கெட் நெருங்கிவிட்டதால் மீண்டும் ஏற நாள் இல்லை. இதில் என்னை யோசிக்க வைத்தது, அந்த நண்பர் பிறகு சொன்ன காரணம்: “என்னால மூணு பேருக்க லீவும் பாழாப் போவும்னுதான் மக்கா சொல்லல்ல.” அவருக்குத் தலைவலி முந்தைய நாள் நண்பகலிலேயே தொடங்கிவிட்டது. நெருங்கிய நண்பர்களாக இருந்ததுதான் அவரை மறைக்க வைத்தது. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த பேட்சில் இந்தத் தயக்கம் குறைவு. நம்மால் யாருடைய பயணமும் நிற்கப்போவதில்லை என்று தெரிந்தால் இன்னும் குறைவு.

தனியாகப் போவதில் நல்லது இல்லாமல் இல்லை. நடையின் வேகம் நம் கையில் இருக்கும். எங்கள் பேட்சில் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் வந்த இளைஞர்கள் முன்னால் ஓட, நாற்பதைத் தாண்டிய நாங்கள் பின்னால் வருகிற வழிகாட்டியின் பொறுமையை நம்பியே நடந்தோம். ஒவ்வொரு இளைப்பாறும் இடத்திலும் நாங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் எழுந்துகொண்டிருப்பார்கள், ஆகவே ஓய்வு அவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. இரவில் ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டதைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். வழிகாட்டியை நேரடியாக அமர்த்தினால் பணம் முழுவதும் அந்த ஊருக்கே போகிறது என்பதும், தேவைப்பட்டால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உயரத்துக்குப் பழகிக்கொள்ளலாம் என்பதும் உண்மையான சாதகங்கள். அந்தக் கூடுதல் நாளை உண்மையிலேயே ஒதுக்கிக்கொண்டு போகிற குழுவுக்கு, நான் மேலே சொன்ன வாதத்தில் பாதி வலு போய்விடும். இங்கிருந்து லீவு எடுத்துப் போகிறவர்களில் எத்தனை பேரால் அது முடியும் என்பதுதான் கேள்வி.

சாப்பாடு இரு வழியிலும் ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு. மூன்றாம் நாள் மீன்குழம்பு கனவில் வரும். பெண்களுக்குக் கழிப்பறைக் கூடாரமும், பெண்களோடு மட்டும் கூடாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் பேட்சில் கேட்காமலே கிடைத்தன. தனியாகப் போகிற பெண்கள் குழு இதை முன்பே பேசி வாங்கவேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அத்தை மகனின் குழுவில் ஆண்கள் மட்டுமே என்பதால் இதில் ஒப்பிட்டுச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மொழியை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாங்க்ரி வழிகாட்டிகளோடு இந்தியில்தான் பேசவேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது சைகையிலேயே சமாளித்துவிடலாம். தலை சுற்றுகிறது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது, நெஞ்சை அடைக்கிறது என்பதையெல்லாம் சைகையில் சொல்ல முடியாது. இந்தி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத குழு, ஆங்கிலம் பேசும் லீடர் இருக்கும் பேட்சில் சேர்வதே நல்லது.

நிறுவனத்தோடு போனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். 2024 ஜூனில் கர்நாடகத்திலிருந்து உத்தராகண்டின் சஹஸ்திர தால் ஏரிக்கு வழிகாட்டிகளோடு போன 22 பேர் குழுவில் 9 பேர் பனிப்புயலில் இறந்தார்கள். குரங்கணியில் சிக்கியவர்களும் ஏற்பாட்டாளர்கள் அழைத்துப்போனவர்கள்தான். ஆகவே பெயரையும் விளம்பரத்தையும் பார்த்துப் பணம் கட்டாமல், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, லீடர் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் போன்ற ஓர் இடத்தில் பயின்றவரா, ஆக்ஸிஜனும் ஸ்ட்ரெச்சரும் எந்த முகாமில் இருக்கும், வானிலை கெட்டால் திரும்பும் முடிவை யார் எடுப்பார்கள் என்று தொலைபேசியிலேயே கேட்கவேண்டும். பதில் சொல்லத் தடுமாறுகிற நிறுவனத்தைவிட, இரண்டு வழிகாட்டிகளோடு போகிற தனிக்குழு பாதுகாப்பானது. உயர நோய்க்கான மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடாமல், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் சொல்லி, ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவது எந்த வழியில் போகிறவருக்கும் பொருந்தும்.

அத்தை மகனின் குழு மீண்டும் போகத் திட்டமிட்டிருக்கிறது. இம்முறையும் நிறுவனம் வேண்டாம், அதே சாங்க்ரிக்காரர்தான்; ஆனால் அவரோடு இன்னொரு வழிகாட்டியையும், இடையில் ஓர் ஓய்வு நாளையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் செலவையும் கூட்டினால் பேட்ச் கட்டணத்தைவிட எவ்வளவு குறைகிறது என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் குறையவில்லை என்றார். ஆனாலும் பின்னால் வருகிறவருக்காக முன்னால் போகிறவர் உட்கார்ந்து காத்திருக்கும் நடை அதில்தான் கிடைக்கும் என்றார். அந்த ஒன்றில் என்னிடம் மறுப்பு இல்லை.