கல்முனைத் தையல் வகுப்பு: கை திருந்தும், கணக்கு போதாது

சுயதொழில் செய்பவர்களுக்கான இந்த வகுப்பில் வெட்டுவதை அருமையாகச் சொல்லித் தருகிறார்கள். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து, அயன் பண்ணிய பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே சட்டை சுருங்கிவிடும். மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்க ஊசி, சாதாரண பருத்திக்கு 14, டீசேர்ட் துணிக்கு முனை உருண்ட ஊசி. தையல் விட்டு விட்டு விழுந்தால் பலரும் நூல் இறுக்கத்தைத்தான் திருகுவார்கள். ஊசி மழுங்கியிருக்கிறதா, கடைசிவரை ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குறை, விலை போடுவதில். துணி, நூல் செலவோடு பாடம் நின்றுவிடுகிறது. உழைத்த நேரம், மின்கட்டணம், மெசின் தேய்மானம் சேராத விலை நட்டம்தான். ஏற்கெனவே தைக்கத் தெரிந்தவர்கள் முன்கற்றல் அங்கீகாரம் (கைவசமுள்ள திறமையைச் சோதித்து ஏற்கும் முறை) வழியாக என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம் என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும்.