மட்டக்களப்பில் யுனிட் ட்ரஸ்ட் விற்கும் ஒரு கிளை: ஐந்துக்கு இரண்டு

பலரின் காசைச் சேர்த்துப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் போடும் நிதியம்தான் யுனிட் ட்ரஸ்ட். அதை விற்கும் கிளை ஒன்றுக்கு மாமிக்குத் துணையாகப் போனேன், கிளையின் பெயர் வேண்டாம். நல்ல மரியாதை, தேத்தண்ணியும் தந்தார்கள். ஆனால் ஓய்வூதியக் காசோடு வந்த மனிசியிடம் இந்தக் காசு எப்போது தேவைப்படும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் நேரே பங்குச் சந்தை நிதியத்தின் படிவத்தை, அதுவும் ஆங்கிலத்தில், நீட்டியதுதான் எனக்குச் சரியான கோபம்.

"வங்கியில போடுற மாதிரித்தானே தம்பி?" என்று மாமி கேட்டா. "ஓம் அம்மா, அதைவிட நல்லம்" என்றார் அந்தப் பொடியன். இல்லவே இல்லை. வங்கி வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, யுனிட் ட்ரஸ்டுக்கு அது கிடையாது. சொத்துகள் தனியான நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் இருப்பது நல்ல பாதுகாப்புத்தான், ஆனாலும் சந்தை விழுந்தால் நிதியத்தில் நாம் வாங்கிய அலகின் விலையும் விழும்.

அதற்காகச் சாதாரண சனத்துக்கு இதை அடைத்துவிடச் சொல்லவில்லை. அடைத்தால் கூடுதல் வட்டி என்று வட்ஸ்அப்பில் யாரோ சொல்லும், அனுமதியே இல்லாத இடத்துக்குத்தான் சனம் போகும். அனுமதியில்லாமல் சனத்திடம் வைப்பு வாங்கிய கோல்டன் கீ கம்பனி 2008இல் விழுந்தபோது பட்டது போதும். குறுகிய காலக் கடன்பத்திரங்களில் போடும் பணச் சந்தை நிதியம் எல்லாருக்கும் திறந்தே இருக்கட்டும். பங்கு நிதியம் என்றால் வயது, வருமானம், காசு தேவைப்படும் காலம் எல்லாம் கேட்டு, தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும், முதல் வருடம் சேமிப்பில் ஒரு சிறு பகுதிக்கு மேல் போட விடக்கூடாது, இதை இந்த நிதியங்களைக் கண்காணிக்கும் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு கட்டாயமாக்க வேண்டும்.

மாமி கையெழுத்து வைக்கவில்லை. வயதானவர்களை அங்கே தனியே அனுப்பாதீர்கள்.