கியோட்டோவில் ஒரு காலை: தாவரவியல் பூங்காவா, அரண்மனைப் பூங்காவா?

இரண்டுமே கராசுமா சுரங்க ரயில் பாதையில்தான் இருக்கின்றன. அரண்மனைப் பூங்காவான கியோட்டோ கியோஎன்னுக்கு இமாதெகாவாவில் இறங்கலாம். அங்கிருந்து மூன்றாவது நிறுத்தமான கிதாயாமாவில் தாவரவியல் பூங்கா.

கியோஎன்னுக்குக் கட்டணம் இல்லை, எந்நேரமும் போகலாம். வடக்கு மூலையில் கொனோயே மாளிகை இருந்த இடத்தில் கிளை தாழ்ந்து தொங்கும் செர்ரி மரங்கள் ஊரில் மற்றவற்றை முந்திக்கொண்டு பூக்கும். மற்றபடி அகலமான சரளைப் பாதைகள்தான். வெயில் நாளில் கால் ஓய்ந்துவிடும்.

செடிகொடிகளுக்காகவே போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தாவரவியல் பூங்காதான். 1924-இல் திறந்தது, 24 ஹெக்டேர். போருக்குப்பின் அமெரிக்கப் படையினரின் குடியிருப்பாக மாறியதில் ஏராளமான மரங்கள் வெட்டுப்பட்டன. 1961-இல்தான் மக்களுக்கு மறுபடி திறந்தார்கள். அத்தனைக்கும் தப்பி, பழைய காட்டின் மிச்சமாக நாகராகி வனம் உள்ளே நிற்கிறது. அதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

அப்புறம் உள்ளே செடிகள் வளர்க்கும் கண்ணாடி மாளிகை. இரவையும் பகலையும் மாற்றி வைத்த அறை ஒன்று அங்கே உண்டு. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று சொல்லி நள்ளிரவுவரை விழித்திருந்து பார்க்கும் பூவை, பருவம் வாய்த்தால் பட்டப்பகலில் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள். அதனால் காலையிலேயே போய்விடுங்கள். கியோஎன்னை அந்திக்கு வைத்துக்கொள்ளலாம்.